தீவுகளில் பணிபுரியும் சுகாதாரப் பணியாளருக்கு ஊர் துணை நிற்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

மாரி காலத்துக் காலை. யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்தில், குறிகட்டுவான் இறங்குதுறையில் காற்று சுழற்றியடிக்கிறது. நெடுந்தீவுப் படகு இன்றைக்கு ஓடுமா என்று கேட்டால் யாரும் உறுதியாகச் சொல்வதில்லை. தூணோரம் ஒரு தாதி நிற்கிறார். தோளில் உடுப்புப் பை, கையில் ஒரு கிழமைக்குத் தேவையான மரக்கறி. அவர் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே இரண்டு இரவு கண்விழித்த இன்னொரு தாதி கரைக்கு வரலாம். படகு ஓடாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மூன்றாவது இரவும் வேலைதான்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்குக்கும் பாலம் இல்லை. படகை விட்டால் வேறு வழி கிடையாது. றோட்டு இருக்கும் வடமராட்சி கிழக்கிலும் கடைசிக் கிராமங்களுக்குப் பஸ் குறைவு. இந்த இடங்களுக்கு நியமனம் கிடைத்து வருபவர்களை ஊர் எப்படித் தாங்கிப் பிடிக்கலாம் என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். சனசமூக நிலையம், மாதர் சங்கம், கோயில் நிர்வாகம், கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் ஊர்ச் சங்கம் என்று யாரும் இதைச் செய்யலாம். தனியாள் செய்யக்கூடியவையும் உண்டு.

நாங்கள் நன்றி கெட்டவர்கள் இல்லை. வைத்தியர் மாற்றலாகிப் போகும்போது பொன்னாடை போர்த்துகிறோம், மாலை போடுகிறோம். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அந்த மாலைக்கு முந்திய ஒன்றரை வருடம் அவர் குடித்த தண்ணீர் உப்பாக இருந்திருந்தால், இரவில் பூட்டாத கதவுக்குப் பின்னால் படுத்திருந்தால், மாற்றல் கடிதத்தை அவர் முதல் மாதமே எழுதியிருப்பார். நான் சொல்ல வருவது இந்தத் தண்ணீரையும் கதவையும் பற்றித்தான்.

முதல் படி: யார் யார் வேலை செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

சுகாதாரப் பணியாளர் என்றதும் எங்களுக்கு டொக்டர்தான் நினைவுக்கு வருகிறார். பிரதேச வைத்தியசாலைக்குள் போய்ப் பார்த்தால் தாதி, மருந்து கொடுப்பவர், சிற்றூழியர், அம்புலன்ஸ் சாரதி, காவலாளி என்று ஒரு குடும்பமே இருக்கும். வெளியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஊரூராகப் போகிறார்கள்.

குடும்பநல உத்தியோகத்தரை நாங்கள் 'மிஸ்' என்று கூப்பிடுகிறோம். ஒருவருக்குச் சுமார் 3000 பேர் என்பது நாட்டில் வகுத்த அளவு. ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் ஒருவரே இரண்டு பிரிவையும் பார்ப்பார். கர்ப்பவதிகளை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்தால் முதல் 10 நாளுக்குள் இரண்டு தரமாவது போக வேண்டும். பால் கொடுக்கத் தெரியாமல் அழும் தாய்க்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒருநாள் எங்கள் ஒழுங்கையில் மிஸ் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தொங்கு தராசை வேப்பங்கிளையில் மாட்டினார். குழந்தையைக் காற்சட்டை போன்ற பைக்குள் இறக்கினார். குழந்தை கால் உதறி அழ, முள் ஆடிக்கொண்டே இருந்தது. அவர் அவசரப்படவில்லை. முள் நிற்கும்வரை குழந்தையின் முகத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே நின்றார். பிறகு அட்டையில் ஒரு புள்ளி வைத்தார். போன மாதப் புள்ளியோடு அதைக் கோடு போட்டு இணைத்தபோதுதான் அவர் முகம் மாறியது. கோடு கீழே சாய்ந்திருந்தது. அந்த வீட்டுக்கு அதே கிழமையில் அவர் இன்னொரு தரம் வந்தார்.

இப்படிப்பட்டவர்களின் பெயரும் எத்தனை நாள் வருகிறார்கள் என்பதும் உங்கள் தாளில் இருக்கட்டும். எல்லோருக்கும் சமமாக உதவ முடியாது. யாருக்கு யாரும் உதவவில்லை என்பதாவது தெரியவரும். பெரும்பாலும் அது சிற்றூழியராகவும் சாரதியாகவும்தான் இருக்கும்.

இரண்டாம் படி: போய்க் கேளுங்கள்

காலை வெளிநோயாளர் பிரிவு நடக்கும் நேரம் போகாதீர்கள். பின்னேரம் தொலைபேசியில் கேட்டு நேரம் எடுங்கள். இரண்டு பேர் போனால் போதும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வைத்தியசாலைக்குப் பொறுப்பு வைத்திய அதிகாரியும், களப் பணியாளர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரியும் பொறுப்பு. அவர்களுக்குத் தெரியாமல் கீழே உள்ளவர்களிடம் நேராகப் போய் உதவி பேசினால், உதவி பெற்றவருக்கே பிறகு சங்கடம் வரும்.

'உங்களுக்கு என்ன தேவை?' என்று கேட்டால் 'ஒன்றுமில்லை' என்றுதான் பதில் வரும். மரியாதைக்காகச் சொல்வார்கள். அதனால் சின்னதாகக் கேளுங்கள். போன கிழமை எத்தனை நாள் மத்தியானம் சாப்பிடவில்லை? குளிக்கத் தண்ணீர் எங்கிருந்து அள்ளுகிறீர்கள்? இரவில் நோயாளி வந்தால் விடுதியிலிருந்து வாட்டுக்கு எந்த வழியால் நடந்து வருகிறீர்கள், அங்கே வெளிச்சம் இருக்கிறதா? எந்த ஒழுங்கைக்குள் போகப் பயமாக இருக்கிறது? இப்படிக் கேட்டால் உண்மை வரும். வந்ததை எழுதுங்கள். அங்கேயே வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்த வாக்கு நிறைவேறாமல் போவது, கேட்காமல் விட்டதைவிட மோசம்.

மூன்றாம் படி: தங்குமிடம்

ஒரேயொரு படிதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

தீவுகளில் நல்ல தண்ணீர்க் கிணறு எது, சவர்க்கிணறு எது என்று ஊராருக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்தவருக்குத் தெரியாது. வந்த அன்றே ஒருவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டட்டும். குடிதண்ணீர் தாங்கியில் எந்த நாள் வரும், யாரிடம் சொல்லி வைக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். விடுதியில் தண்ணீர்த் தொட்டி கசிந்தால் ஊரில் ஒரு மேசன் இருப்பார். அரச கட்டடத்தில் கை வைக்க முன் பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தால் ஒரு நாள் சிரமதானத்தில் முடியக்கூடிய வேலைதான் பல இடங்களில் வருடக்கணக்காகக் கிடக்கிறது.

உள்ளே தாழ்ப்பாளும் வெளியே நல்ல பூட்டும் உள்ள கதவு. யன்னலுக்கு நுளம்பு வலை. மின்சாரம் நின்றால் எரிய ஒரு சோலர் விளக்கு. பாம்பு நடமாடும் வளவில் வாட்டுக்குப் போகும் பாதையைச் செருக்கிச் சுத்தமாக வைத்தல். பெண் பணியாளருக்கு அருகில் கழிப்பறை. கேட்டால் சாதாரணமாகத் தெரியும். இரவு 2 மணிக்கு எழுந்து போகிறவருக்கு இவைதான் முழு உலகம்.

சாப்பாட்டுக்கு ஒரு ஒழுங்கு செய்யலாம். ஏழு வீடுகள் சேர்ந்தால் ஒரு வீட்டுக்குக் கிழமையில் ஒரு நாள்தான் முறை வரும். இலவசமாகக் கொடுத்தால் சிலர் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார்கள். அளவான விலை வைத்துக் கொடுங்கள், மனம் விட்டுச் சாப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை மரக்கறியா, மச்சம் சாப்பிடுவாரா என்று முதலே கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: பேச்சு

தெற்கிலிருந்து வரும் சிங்கள வைத்தியர்களும் தாதியரும் எங்கள் வைத்தியசாலைகளில் வேலை செய்கிறார்கள். மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வரும் தமிழர்களுக்கும் எங்கள் பேச்சு முதலில் பிடிபடாது. 'நாரி நோகுது' என்றால் இடுப்புக்கு மேலே முதுகின் அடிப்பகுதி. 'முட்டு' என்றால் மூச்சுத் திணறல். 'சத்தி' வாந்தி. 'வயித்தாலை போகுது' வயிற்றோட்டம். 'தடிமன்' சளி. ஒரு கிழவி 'எனக்கு ராவிலை முட்டு, விடிஞ்சால் இல்லை' என்று சொல்வதைச் சரியாக விளங்கிக்கொண்டால் வைத்தியம் பாதி முடிந்த மாதிரி. அதைத் தவற விட்டால் அவர் வயிற்று மருந்தோடு வீட்டுக்குப் போகக்கூடும்.

ஊரில் ஒரு ஆசிரியர் இருந்தால், இப்படி 100 சொற்களை இரண்டு பக்கத்தில் எழுதி, சிங்கள எழுத்திலும் உச்சரிப்பைப் போட்டுக் கொடுங்கள். இது எங்களுக்குப் புதிய எண்ணம் இல்லை. 1847ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழைக் கற்றுக்கொண்டு மானிப்பாயில் எங்கள் பெடியங்களுக்கு மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். வைத்திய நூல்களைத் தமிழாக்கினார், அதற்கான சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். நோயாளியின் பேச்சிலேயே வைத்தியம் நடக்க வேண்டும் என்று கடல் கடந்து வந்த ஒருவர் அவ்வளவு பாடுபட்டார். நாங்கள் இரண்டு பக்கம் எழுதலாம்.

மொழிபெயர்க்க ஆள் கொடுக்கும்போது கவனம். ஊர்ப் பெண் ஒருத்தியின் அந்தரங்கத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் மொழிபெயர்க்கக் கூடாது. நோயாளி விரும்பும் ஆளே நிற்கட்டும்.

ஐந்தாம் படி: போக்குவரத்து

மிஸ்ஸின் ஸ்கூட்டி நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவோம். படலையில் வீட்டு இலக்கம் எழுதுங்கள். நாயைக் கட்டுங்கள், அதற்கு விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டு வையுங்கள். வெள்ளம் நிற்கும் ஒழுங்கைக்குள் கர்ப்பவதி இருந்தால், மாரி தொடங்கும் முன்பே அதை அவருக்குச் சொல்லி வையுங்கள்.

படகு அடுத்தது. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் குறிகட்டுவானிலிருந்தும், அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்தும் ஏறுகிறோம். வேலைக்குப் போகிறவருக்கு முதலில் இடம் கொடுப்பதை ஒரு வழக்கமாக்குங்கள். தடுப்பூசிப் பெட்டியோடு வருபவரை வெயிலில் நிற்க வைக்காதீர்கள். அந்தப் பெட்டிக்குள் குளிர் குறைந்தால் மருந்து பழுதாகிவிடும். நிழலில் ஓர் இருக்கை அந்தப் பெட்டிக்கும் வேண்டும்.

அவசர நோயாளியைக் கரைக்குக் கொண்டுவருவது பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2018ல் வடக்குக்கு வந்த பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிறைய உயிர்கள் தப்பியிருக்கின்றன. ஆனால் அந்த வண்டி கடலைத் தாண்டாது. தீவில் ஊர் செய்ய வேண்டிய வேலை இது: இரவிலும் இயந்திரம் எடுக்கக்கூடிய படகுக்காரர் நான்கைந்து பேரின் இலக்கங்களை வைத்தியசாலைச் சுவரிலும் சனசமூக நிலையத்திலும் ஒட்டுங்கள். ஒவ்வொருவருடைய படகிலும் பாதுகாப்பு அங்கி எத்தனை என்று பார்த்து எழுதுங்கள். நோயாளியைக் காவிச் செல்லும் தட்டு, மழைக்கு மூட ஒரு தறப்பாள், பெரிய டோர்ச் லைட் இரண்டு ஆகியவை ஓர் இடத்தில், யாரும் வேறு வேலைக்கு எடுக்காதபடி இருக்கட்டும். எரிபொருளுக்குச் சின்ன நிதி ஒன்று ஒதுக்குங்கள். எந்தப் படகு, எப்போது, கரையில் எந்த வண்டி என்பதை வைத்தியசாலைதான் தீர்மானிக்க வேண்டும். கடற்படையின் உதவியைக் கேட்பதும் அவர்கள் பொறுப்பு. நாங்கள் தயாராக நிற்க வேண்டும், குறுக்கே நிற்கக் கூடாது.

எல்லோரும் மறந்துபோகும் ஒன்று இருக்கிறது. நோயாளியோடு ஒரு தாதியோ சிற்றூழியரோ கூடவே வருகிறார். நோயாளியை யாழ் போதனா வைத்தியசாலையில் ஒப்படைத்த பிறகு அவரை யார் நினைக்கிறார்கள்? நடுச்சாமம். நனைந்த உடுப்பு. காலைப் படகுவரை எங்கே இருப்பார், என்ன சாப்பிடுவார்? ஊர்ச் சங்கம் பட்டினத்தில் நம்பிக்கையான ஒரு வீட்டைப் பார்த்து வைக்கலாம். கதவைத் திறந்து, சுடுதேத்தண்ணி கொடுத்து, படுக்க ஓர் அறையும் மாற்றுடுப்பும் கொடுக்கும் வீடு. விடிய ஒட்டோ பிடித்து இறங்குதுறைக்கு அனுப்பும் வீடு. இதற்குப் பெரிய செலவு இல்லை. ஆனால் இப்படி ஒரு வீடு இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த தரம் 'நான் கூடப் போகிறேன்' என்று முன்வருவதற்கு அவர் யோசிக்க மாட்டார்.

ஆறாம் படி: நோயாளியாக நாங்கள் செய்ய வேண்டியது

கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள். குடிக்கும் மருந்துகளைப் பையோடு காட்டுங்கள். வேறு இடத்தில் எடுத்த மருந்தை மறைக்காதீர்கள். வர முடியாவிட்டால் முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

கிளினிக் நாளில் இரண்டு தொண்டர்கள் நின்று கதிரை போட்டு, தண்ணீர் வைத்து, வயதானவர்களை முன்னுக்கு விட்டால் வைத்தியருக்கு அரை மணி நேரம் மிஞ்சும். தொண்டர்கள் நோயாளியின் கொப்பியைத் திறக்கக் கூடாது, என்ன வருத்தம் என்று கேட்கவும் கூடாது.

மாரியில் டெங்குக்காகப் பரிசோதகர் வீடு வீடாக வருவார். அவர் வந்து காட்டும்வரை சிரட்டையும் தயிர்ச்சட்டியும் தண்ணீரோடு கிடக்கத் தேவையில்லை. 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனதை நாங்கள் கண்டோம். வயலில் இறங்குகிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரையைச் சுகாதாரப் பகுதியினர் தேடித் தேடிக் கொடுத்தார்கள். அதை வாங்கி அலுமாரிக்குள் வைத்தால் அவர்கள் நடந்த நடை வீண். சொன்ன நாளில் சொன்ன மாதிரி விழுங்குங்கள்.

ஏழாம் படி: பணமும் பொருளும்

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகளின் கை பெரியது. 2011ல் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கு முனையான பருத்தித்துறைவரை நடந்து திரட்டிய நிதியில் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. சிங்களவரும் தமிழரும் உலகெங்கும் இருந்தவர்களும் கொடுத்த காசு அது. முதலில் தேவை, பிறகு திட்டம், பிறகு நிதி என்ற ஒழுங்கில் நடந்ததால் அது நின்றது.

நான் பார்த்த இன்னொன்றையும் சொல்கிறேன். ஒரு வைத்தியசாலையின் மூலையில் விலை கூடிய இயந்திரம் ஒன்று துணி போர்த்திக் கிடந்தது. கொடுத்தவர்களின் பெயர்ப் பலகை மட்டும் மேலே மினுங்கியது. அதற்குப் போடும் இரசாயனம் இந்த நாட்டில் கிடைக்காது. பழுது பார்க்கவும் ஆள் இல்லை. கொடுத்தவரின் உழைப்பை நினைத்து எனக்கு நெஞ்சு கனத்தது.

அதனால் அனுப்ப முன் இவற்றைக் கேளுங்கள். வைத்தியசாலை எழுத்தில் கேட்டதா? பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை சம்மதித்ததா? உதிரிப்பாகமும் திருத்துனரும் கொழும்பிலாவது உண்டா? தீர்ந்துபோகும் பொருளை இரண்டாம் வருடம் யார் வாங்குவார்? இரத்தத்தில் சீனி பார்க்கும் சின்னக் கருவியைப் பத்து வாங்கி அனுப்புவது சுலபம். அதற்கு மட்டும் பொருந்தும் சோதனைப் பட்டி இங்கே கிடைக்காவிட்டால் அது விளையாட்டுச் சாமான்தான். கருவிக்கு ஒதுக்கும் காசை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கைப் பட்டிக்கு வையுங்கள்.

மருந்தைப் பெட்டியில் போட்டு அனுப்பவே வேண்டாம். 2015ம் ஆண்டின் 5ம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி அதற்குத் தேவை. திகதி முடியப்போகும் மருந்தை எரிப்பதும் இங்கிருப்பவர்களுக்கு ஒரு செலவு.

காசு கொடுப்பதானால் நோயாளர் நலன்புரிச் சங்கம் போன்ற பதிவுள்ள அமைப்பின் வங்கிக் கணக்குக்குக் கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்குங்கள். தனிப்பட்ட பணியாளரின் கையில் காசு கொடுக்காதீர்கள். அது அவருக்கே ஆபத்து.

எட்டாம் படி: பாதுகாப்பும் மரியாதையும்

வைத்தியசாலையில் சத்தம் போடுவது, தாதியைத் தொலைபேசியில் படம் பிடிப்பது, விசாரிக்காமல் முகநூலில் எழுதுவது எல்லாம் இங்கேயும் நடக்கின்றன. தவறு நடந்தால் கேட்க வேண்டும், அது எங்கள் உரிமை. முதலில் பொறுப்பு வைத்திய அதிகாரி, அடுத்து பிராந்திய பணிப்பாளர், பிறகு மாகாணப் பணிப்பாளர் என்று எழுத்தில் போகலாம். கடிதம் எழுதத் தெரியாத குடும்பத்துக்கு எழுதிக் கொடுக்க ஊரில் ஒருவர் இருந்தால், கோபம் வாட்டு வாசலில் வெடிக்காது.

தனியாக வீடு வீடாகப் போகும் மிஸ்ஸை ஒருவன் சீண்டினால், அது அவருடைய பிரச்சினை மட்டும் அல்ல. 'அந்த வீட்டுக்குப் போகாதேங்கோ' என்று அவருக்கு அறிவுரை சொல்லி முடிக்காதீர்கள். அவனுடைய வீட்டுக்குப் பெரியவர்கள் போக வேண்டும், அவர் விரும்பினால் பொலிஸுக்கும் கூடப் போக வேண்டும்.

ஒன்பதாம் படி: மனது

1987 அக்டோபர் 21 அன்று யாழ் வைத்தியசாலைக்குள் 60க்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கடமையில் நின்ற வைத்தியர்களும் தாதியரும் ஊழியர்களும் அதில் இருந்தார்கள். அடுத்த நாட்களில் அதே வாட்டுகளைக் கழுவித் திறந்தவர்களும் அவர்களுடைய தோழர்கள்தான். எங்கள் வைத்தியசாலைகளில் வேலை செய்கிறவர்கள் இப்படி நிறையச் சுமந்திருக்கிறார்கள், சொல்வதில்லை.

இன்றைக்கும் ஒரு குழந்தை கையில் இறந்துபோனால், அடுத்த கிளினிக்குக்கு மிஸ் அதே ஒழுங்கையால்தான் வர வேண்டும். அந்தக் கிழமை ஊர் என்ன செய்கிறது என்பது முக்கியம். குற்றம் தேடாமல், வீட்டுக்குக் கூப்பிட்டு இருத்தி, அவர் கதைத்தால் கேட்டுக்கொண்டிருங்கள். கதைக்காவிட்டால் தேத்தண்ணி கொடுத்து விடுங்கள். நித்திரையும் சாப்பாடும் விட்டுப்போனால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது. நோயாளிக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் தங்களுக்கென்று எடுக்கத் தயங்குவார்கள். நெருங்கியவர் ஒருவர் சொன்னால் எடுப்பார்கள்.

பத்தாம் படி: அடுத்து வருபவருக்கு ஒரு கொப்பி

நியமனம் முடிந்தால் மாற்றல் வரும், அது இயல்பு. ஊர்ப் பிள்ளைகளைத் தாதியராகவும் குடும்பநல உத்தியோகத்தராகவும் படிக்க வைப்பது நீண்டகால வழி. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் தீவுப் பிள்ளைக்குப் பட்டினத்தில் தங்கிப் படிக்க இடம் பார்த்துக் கொடுங்கள். அது பலிக்க வருடங்கள் ஆகும்.

அதுவரை ஒரு தடித்த கொப்பி வாங்குங்கள். போகிறவரிடம் கடைசிக் கிழமையில் கொடுத்து, வருகிறவருக்குச் சொல்ல நினைப்பதை எழுதச் சொல்லுங்கள். நோயாளர் விபரம் அதில் இருக்கக் கூடாது. நல்ல தண்ணீர் எந்தக் கிணற்றில், மாரியில் எந்த ஒழுங்கை மூழ்கும், இரவில் எந்தப் படகுக்காரரை எழுப்பலாம், எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தக் கடையில் பால்மா கடனுக்குத் தருவார்கள், பட்டினத்தில் நடுச்சாமத்தில் கதவு திறக்கும் வீடு எது. கொப்பியை விடுதி அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். புதியவர் வந்து இறங்கும் அன்று அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போகிறவர் அதை எடுத்துக் கையில் கொடுக்கட்டும்.